கேரவன் ஷவர் கதவு திடீரென நொறுங்குவது ஏன்?
யாரும் தொடாமலே கேரவனின் ஷவர் கண்ணாடி பொலபொலவென உதிர்ந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஓரத்தைத்தான். சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடிதான் இந்தக் கதவில் இருக்கும். அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கும். ஓரத்தில் விழுந்த சிறு சில்லு உள்ளே இறங்கினால் முழுக் கதவும் ஒரே நொடியில் போய்விடும். வண்டி ஓடும்போது அதன் கூடு முறுக்கிக்கொள்ளும், சட்டம் கோணும், ரப்பர் தேய்ந்த இடத்தில் திருகாணி கண்ணாடியை உரசும். கண்ணாடி தயாராகும்போதே உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகளும் காரணமாகலாம். ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது சோம்பேறித்தனம்.

கிளம்புமுன் கதவை ஆடாதபடி வாரால் கட்டுங்கள், தாழ்ப்பாளை மட்டும் நம்பாதீர்கள். உருளைகளையும் ரப்பரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் சில்லு தெரிந்தால் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு ஃபிலிம் உடைவதைத் தடுக்காது, துண்டுகளைச் சிதறாமல் பிடித்துவைக்கும். எடையும் குறைய வேண்டுமா? அக்ரிலிக் கதவு, இல்லாவிட்டால் வெறும் திரை.