குரோக்கஸ் நட்டுப் பார்த்தேன்: இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை

டூலிப், டாஃபடில் எல்லாம் பூக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை, பனி விலகியதும் தரையில் ஏதாவது ஒரு நிறம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்குக் குரோக்கஸ், அதாவது வசந்தம் தொடங்கும்போதே கிழங்கிலிருந்து பூக்கும் அந்தச் சிறு செடியை விட்டால் வேறு அதிகம் கிடையாது. மூன்று வகை எடுத்தேன்: சீக்கிரம் பூக்கும் கிரிசாந்தஸில் 'கிரீம் பியூட்டி', மெல்லிய ஊதா நிற டாமசினியானஸ், அப்புறம் பெரிய பூ விடும் வெர்னஸில் கோடு போட்ட 'பிக்விக்'. கிழங்கு வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சரி, அமுங்கினாலோ பூஞ்சை தெரிந்தாலோ வேண்டாம். மேலே நார் நாராக இருக்கும் பழுப்புத் தோல் லேசாகக் கழன்றிருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

நடும் வேலை ரொம்பச் சுலபம். மண் குளிர ஆரம்பித்த பிறகு, ஆனால் உறைவதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிட வேண்டும், வேர் பிடிக்க அந்த இடைவெளி தேவை. 8 முதல் 10 செ.மீ. ஆழம், கிழங்குக்குக் கிழங்கு ஒரு 5 செ.மீ., கூர்முனை மேல்பக்கம். ஒன்றிரண்டு சாய்ந்து விழுந்தாலும் கவலையில்லை, சுருங்கும் வேர்கள் என்று தனியாகச் சில தடித்த வேர்கள் விட்டு, தனக்கு வேண்டிய ஆழத்துக்குக் கிழங்கு தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் நடவே கூடாது, அழுகிவிடும். என் தோட்டத்தில் களிமண் என்பதால் குழிக்கு அடியில் பொடிச் சரளை கலந்தேன். வரிசையாக நட்டால் பார்க்க அணிவகுப்பு மாதிரி இருக்கும், அதனால் கைப்பிடியாக எடுத்து உருட்டிவிட்டு விழுந்த இடத்திலேயே நட்டேன்.

அணில்தான் பெரிய தலைவலி. புதிதாகக் கிளறிய மண் என்றால் அதற்கு மூக்கில் வியர்த்துவிடும் போல. நட்டு முடித்ததும் உதிர்ந்த தோல்களையெல்லாம் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, மேலே கம்பிவலை விரித்துக் கற்களை வைத்தேன். வலைக்கண் வழியாக இலை தாராளமாக வந்துவிடும். டாமசினியானஸை அணில் அவ்வளவாகத் தொடாது என்பார்கள், அதை நம்பிப் புல்வெளியில் வலையில்லாமல் நட்டேன், தப்பித்தது.

அதற்கப்புறம் குளிர்காலம் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லை. கிழங்குக்கு 12 முதல் 15 வாரம் குளிர் வேண்டும், அது இல்லாமல் பூக்காது. சிலவற்றைத் தொட்டியிலும் நட்டிருந்தேன், அதைச் சூடாக்காத கொட்டகையில் வைத்திருந்தேன், அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் வந்தது தெற்குச் சுவரோரம் நட்ட கிரிசாந்தஸ். அதே வகை மர நிழலிலும் இருக்கிறது, அங்கே பூக்க ஒரு வாரத்துக்கு மேல் தாமதம். சீக்கிரம் பூ வேண்டும் என்றால் வகையை மட்டுமல்ல, வெயில் படும் இடத்தையும் பார்த்து நடுங்கள். குனிந்து பார்த்தால் காம்பு என்று நாம் நினைக்கும் அந்த வெள்ளைத் தண்டு காம்பே இல்லை, இதழ்கள் அடியில் ஒட்டி நீண்ட குழாய் அது. சூலகம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது, வெளியில் பனி கொட்டினாலும் விதை உருவாகும் பகுதி பத்திரம். இலைக்கு நடுவில் சீவிவிட்டது போல ஒரு வெள்ளைக் கோடு, பூ இல்லாதபோது புல்லிலிருந்து இதைப் பிரித்தறிய அதுவே அடையாளம்.

மேகமான நாளில் எல்லாம் மூடிக்கொண்டு நின்றன. தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன், கொஞ்ச நேரத்திலேயே இதழ்கள் விரிந்தன, ஜன்னல் பக்கம்கூட வைக்கவில்லை. சூடு பட்டால் இதழின் உட்புறம் வெளிப்புறத்தைவிட வேகமாக வளர்வதால் திறக்கிறது, குளிர்ந்தால் அது தலைகீழாகும். வெயில் அடித்த மதியத்தில் தேனீக்கள் வந்து ஆரஞ்சு மகரந்தத்தில் புரண்டன, அந்த நேரத்தில் அவற்றுக்கு வேறு தீனி குறைவு.

பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே: இதிலிருந்து குங்குமப்பூ எடுக்கலாமா? முடியாது. அது சட்டைவஸ் என்ற வேறு வகை, இலையுதிர் காலத்தில் பூக்கும். அதை வாங்கும்போது கொல்ச்சிகம் தலையில் கட்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கடும் விஷம். குரோக்கஸில் மகரந்தத்தாள் மூன்று, கொல்ச்சிகத்தில் ஆறு.

பூ வாடிய பிறகு இலையை வெட்டாமல் விட வேண்டும், சுமார் ஆறு வாரம், தானாக மஞ்சளாகும்வரை. அதுவரை புல்வெளியின் அந்த மூலை பரட்டைத் தலையாகத்தான் கிடந்தது, கிடக்கட்டும். இலை காய்ந்ததும் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். நட்ட கிழங்கு சுருங்கி வட்டத் தகடு போல அடியில் ஒட்டியிருக்க, அதன் தலைமேல் புதுக் கிழங்கு, பக்கவாட்டில் பட்டாணி அளவில் இரண்டு குட்டிகள். இலை அத்தனை வாரம் சமைத்துச் சேர்த்ததெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது.

அடுத்த முறை 'பிக்விக்' வாங்கப் போவதில்லை. பூ பெரிதுதான், ஆனால் ஒரு மழைக்கே சாய்ந்து படுத்துவிட்டது. அந்தக் காசுக்கும் டாமசினியானஸ்தான், புல்வெளி முழுக்க. விதை விழுந்து தானே பரவும் வகை அது, நாற்று பூக்கத்தான் மூன்று நான்கு வருடம் பிடிக்கும்.