அப்பாவின் மிட்ஜெட் என் பெயருக்கு வந்த கதை

"என்ஜின் இலக்கம் பொருந்தவில்லை. கொண்டு போங்க."

பரிசோதகர் இதைச் சொன்னபோது காலை பத்தரை மணி. தலவாக்கலையில் விடியற்காலை நான்கு மணிக்கு லொறியில் ஏற்றி, கயிறு கட்டி, மழைக்குத் தார்ப்பாய் போட்டுக் கொண்டுவந்த கார் அது. போனட்டைத் திறந்து ஒரு நிமிடம் டோர்ச் அடித்துப் பார்த்தார், அவ்வளவுதான். காரின் பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கத்தில் 10க்குப் பிறகு இரண்டு 'சீ' எழுத்துகள். என்ஜின் தகட்டில் 10க்குப் பிறகு 'எம்', 'ஏ'. எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அந்த போனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். டைனமோவுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னத் தகட்டை ஒருநாளும் வாசித்ததில்லை.

காலமான அப்பாவின் காரை என் பெயருக்கு மாற்ற மொத்தம் பதினொரு மாதம் ஆனது. பழைய வண்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் யாராவது இதே வழியில் போக நேர்ந்தால், நான் அலைந்ததில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கார் எம்ஜி மிட்ஜெட், மார்க் 2, 1965ஆம் வருடத்தது. இரண்டு பேருக்கு மட்டும் இடம், கழற்றி வைக்கக்கூடிய துணிக் கூரை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சின்னத் துரை (உதவி முகாமையாளர்) ஒருவருடையது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இலிருந்து நடக்கிறது. ஏப்ரல் சீசனில் துரை அதற்குப் போகும்போது தோட்டத்து கராஜில் கையாளாக இருந்த அப்பாவையும் கூட்டிப் போவாராம். பிளக் கழற்றித் துடைப்பது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது அப்பாவின் வேலை. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை ஊருக்குக் கிளம்பினார். அதற்கு முன்பே என்ஜினுக்குள் கனெக்டிங் ரொட் உடைந்து, என்ஜினின் உடலான பிளாக்கை ஓட்டை போட்டிருந்ததால் காரை யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்டார். அம்மாவின் வளையல் இரண்டு அதற்குப் போனது.

அப்போது அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் இல்லை, இந்தியப் பிரஜாவுரிமையும் இல்லை. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. குடியிருந்த லயக் காம்பரா, அதாவது வரிசை வீட்டு அறை, தோட்டத்துடையது. 'உரிமையாளர்' என்ற சொல்லுக்கு நேரே அப்பாவின் பெயர் எழுதப்பட்ட ஒரே காகிதம் அந்தக் காரின் புத்தகம்தான். "ஏன் இந்தச் சிரமம், பாகம் பாகமாக வித்துப்போடு தம்பி" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

முதல் முட்டுக்கட்டை பெயர். புத்தகத்தில் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில், ஒரே ஒரு இனிஷியலோடு, அன்றைய தோட்டத்துக் கிளாக்கர் எழுதிக் கொடுத்த எழுத்துக்கூட்டில் இருக்கிறது. அடையாள அட்டை எண் இல்லை. இருக்கவும் முடியாது, நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமையே வந்தது. அடையாள அட்டையில் தாத்தா பெயரோடு முழுப் பெயர். மரணச் சான்றிதழில் சிங்களத்தில் ஓர் எழுத்துக் கூடுதல். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்த வாகனப் பதிவு அலுவலகக் கவுண்டர்காரர், "இது மூன்று ஆள்" என்று கோப்பைத் தள்ளிவிட்டார். என்ன கொண்டுவந்தால் சரிவரும் என்று கேட்டேன். "வக்கீலைக் கேளுங்க" என்றார். ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தால் அடுத்த மூன்று பயணங்கள் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் முறை கிராம சேவகர் கடிதத்தோடு போனேன். அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் இல்லை என்று திருப்பினார்கள். மூன்றாம் முறை சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசி. அதில் மூன்று பெயர்களில் இரண்டைத்தான் எழுதியிருந்தோம், மரணச் சான்றிதழின் எழுத்துப் பிழையை விட்டுவிட்டோம். இது என் கவனக்குறைவு. சத்தியக் கடதாசி எழுதும்போது ஒவ்வொரு காகிதத்திலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, அந்த எழுத்துப் பிழையோடு, மூன்று விதத்தையும் எழுதி, 'இவர்கள் யாவரும் ஒருவரே' என்று போடுங்கள். பெயரைத் திருத்தி எழுதிவிட்டால் நாலாவது ஆள் ஒருவர் உருவாகிவிடுவார்.

கடைசியில் கைகொடுத்தது நான் நினைத்தே பார்க்காத ஒன்று. ஊழியர் சேமலாப நிதிப் பணம் எடுக்கும்போது அப்பாவுக்கு வந்த பழைய கடிதம். வேலைக்குச் சேர்ந்தபோது பதிந்த பெயரும், பின்னால் திருத்திய பெயரும், அடையாள அட்டை எண்ணும் ஒரே தாளில். தோட்டங்களில் வேலை செய்தவர்கள் வீட்டில் இப்படி ஒரு தாள் எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள். அதை நீட்டியபோது அதே கவுண்டர்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி, பிரதி எடுத்து, கோப்பில் குத்தினார். வெளியே வந்து பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்டீ குடித்தேன். அன்றைக்கு அது அவ்வளவு ருசியாக இருந்தது.

வவுனியாவில் இருக்கும் அக்காவின் சம்மதக் கையெழுத்து, விண்ணப்பப் படிவங்கள், கட்டணம் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. அப்புறம்தான் பரிசோதனை, நான் முதலில் சொன்ன அந்த நாள்.

திரும்பி வரும் வழியில் லொறியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. மிட்ஜெட்டில் இருப்பதும் மொரிஸ் மைனர் 1000இல் இருப்பதும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பத்து 1098 சீசீ என்ஜின். மைனர் அந்தக் காலத்தில் மலையகத்தில் மூலைக்கு மூலை நின்றது. அதனால்தான் இந்தக் காரை அப்பாவால் இத்தனை வருடம் ஓட்ட முடிந்தது. வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் எல்லாம் மைனருக்கென்று கேட்டாலே கடையில் எடுத்துத் தருவார்கள், இன்றைக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். உடைந்த பிளாக்குக்குப் பதிலாக அப்பா மைனர் பிளாக் ஒன்றைப் போட்டு, அதன் மேல் பழைய ஹெட்டையும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரையும் பூட்டியிருக்கிறார். சத்தம் மாறவில்லை, மலை ஏறும் வேகம் கொஞ்சம் குறைந்தது என்பார். ஆனால் என்ஜின் மாறியதைப் புத்தகத்தில் பதியவில்லை. அந்த 'எம்', 'ஏ' மைனருடைய அடையாளம்.

அலுவலகத்தில் கேட்டது இதுதான்: அந்த என்ஜின் எந்த வாகனத்திலிருந்து வந்தது, அந்த வாகனம் இப்போது எங்கே, வாங்கியதற்கு என்ன சாட்சி. நாற்பது வருடத்துக்கு மேல் ஆன விஷயம். விற்றவர் யாரென்று அம்மாவுக்கும் நினைவில்லை. வீட்டில் இருந்த பிஸ்கட் தகரம், அப்பாவின் டிரங்குப் பெட்டி, கராஜ் அலுமாரி என்று மூன்று வாரம் தேடினேன். பெற்றோல் சீட்டுகள் கிடைத்தன, என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கிடைத்தது, இது மட்டும் கிடைக்கவில்லை.

கூரையின் இரும்புச் சட்டங்களைக் கழற்றி டிக்கியில் வைப்பதற்கு ஒரு துணி உறை உண்டு. கூரைத் துணி கிழிந்துபோய் வெறும் தார்ப்பாயால் மூட ஆரம்பித்த பிறகு அந்த உறையை யாரும் தொடவில்லை. கூரைக்கு அளவெடுக்க வந்த குஷன் கடைத் தம்பி அதைப் பிரித்தபோது, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு கட்டு விழுந்தது. மைனரின் புத்தகம், 'ரத்து' என்று முத்திரை குத்தியது. அதற்குள்ளே 1978ஆம் ஆண்டு எழுதி முத்திரையின் மேல் கையெழுத்திட்ட ரசீது. கூடவே அப்பாவின் கைக்கொப்பி. அவர் எல்லாவற்றையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார், காருக்குச் சேர வேண்டியதைக் காருக்குள்ளேயே. அந்த ரசீதில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தபோது கராஜ் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது பரிசோதனைக்கு முன்னால் இன்னொரு விஷயம் கற்றுக்கொண்டேன். தகடுகள் துருவேறியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த தகடு மாற்றிய தகடு போலத் தெரியும், அதற்கு வேறு விளக்கம் கேட்பார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, மேலே வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுங்கள். நான் அப்படி இரண்டு தகட்டுக்கும் எடுத்துக் கையில் வைத்திருந்தேன். இந்த முறை வந்த பரிசோதகர் வேறொருவர், தன் அப்பாவும் மைனர் ஓட்டியவர் என்றார். இருபது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அந்த நாளுக்கு வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு சேதம் நடந்துவிட்டது. அந்தக் காலத்து மிட்ஜெட்டில் பட்டறியின் பிளஸ் முனைதான் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, சேர வேண்டும். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். நான் சாப்பிடப் போன நேரத்தில் எலக்ட்ரிக் வேலைக்கு வந்த பையன் வழக்கம்போல மைனஸைப் பொடியில் கொடுத்துவிட்டான். ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜினும் பிடித்தது, அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ரெகுலேட்டர் பெட்டியிலிருந்து புகை. உள்ளே பொயின்டுகள் கருகி ஒட்டிக்கொண்டன. பையனைத் திட்டி என்ன செய்வது, அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நின்றுபோன பழக்கம். பழைய ஆங்கிலேயக் கார் வைத்திருப்பவர்கள் பட்டறிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக எழுதி வையுங்கள். நான் இப்போது எழுதி வைத்திருக்கிறேன்.

நுவரெலியாவில் புகைப் பரிசோதனையிலும் ஒருமுறை விழுந்தோம். கார்புரேட்டர் இரண்டையும் கண்டியில் ஒரு பெரியவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து அங்கேயே டியூன் பண்ணியிருந்தேன். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1868 மீற்றர். மேலே காற்று மெலிவு. அதே அளவு பெற்றோல் அங்கே அதிகமாகிவிடும், புகைக்குழாயில் கறுப்படிக்கும். பரிசோதனை நிலையத்தில் காரணம் தெரியாமல் நின்றபோது அப்பாவின் கைக்கொப்பி ஞாபகம் வந்தது. அதில் ஒரு பக்கத்தில், 'நுவரெலியா போனால் இரண்டு முகம் மேலே. கண்டிக்கு இறங்கினால் இரண்டு முகம் கீழே.' எஸ்யூ கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஆறுமுக நட்டைத்தான் எழுதியிருக்கிறார். மேலே ஏற்றினால் கலவை மெலியும். ஸ்பெனரை வாங்கி, இரண்டு கார்புரேட்டரிலும் இரண்டிரண்டு முகம் ஏற்றினேன். பாஸ்.

வாகனத்துக்கான வருடாந்த வரிப் பத்திரத்துக்குப் போனபோது, கார் நின்றிருந்த வருடங்களுக்கும் நிலுவை கட்டச் சொன்னார்கள். ஓடாத காருக்கு ஏன் என்று கேட்டேன். ஓடவில்லை என்று எழுத்தில் அறிவித்திருக்க வேண்டுமாம். அப்பா நோயில் படுத்திருந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. வண்டியை நிறுத்திப் போடுகிறீர்கள் என்றால் அன்றைக்கே ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டியது சின்னத் தொகை இல்லை.

கடைசி நாள் எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்றால். புதிய சான்றிதழ் தர வேண்டுமானால் பழைய புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும். அது முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் கவுண்டரில் கையை விட்டு எடுக்க மனம் வரவில்லை. உள்ளே இருந்த அம்மையார் கவனித்துவிட்டு, "அப்பாவோடதா?" என்று தமிழிலேயே கேட்டார். ஆமாம் என்றேன். "போட்டோ எடுத்துக்கங்க, எல்லாப் பக்கமும். நான் வெயிட் பண்றேன்" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களும் பேசாமல் நின்றார்கள். பதினான்கு படம் எடுத்தேன்.

புதிய சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. முன்னைய உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், அடையாள அட்டையில் இருந்தபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றார்.

கதவுகளுக்குக் கீழே இருக்கும் 'சில்' பகுதியில் இன்னும் துரு இருக்கிறது, டிங்கர் வேலைக்குக் காசு சேர வேண்டும். கூரைத் துணி வந்துவிட்டால், ஏப்ரலில் நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு அம்மாவைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். குளிருக்கு இப்போதே ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைத்துவிட்டார்.