சிக்னல் இல்லாத இடத்தின் கணக்கு

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறிய கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்த நேரம், 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடமெல்லாம் வாட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போக, எங்கள் பிள்ளைகள் முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குப் போனார்கள், ஏனென்றால் அங்கேதான் சிக்னல் எடுத்தது. ஒரு போனைச் சுற்றி மூன்று பேர், வெயிலுக்கு ஒரு குடை.

நான் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு அழைத்துச் சொன்னேன். "சேர், எங்கட மெப்பில உங்கட இடத்துக்குக் கவரேஜ் இருக்கெண்டுதானே காட்டுது" என்றாள் எடுத்த தங்கச்சி, மரியாதையாகத்தான். அவளிடம் ஒரு மெப் இருந்தது. என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

சரி, நாங்களே அளப்போம் என்று ஒரு கொப்பி வாங்கினேன். குளக்கட்டு, பள்ளிக்கூட வாசல், சந்திக் கடை, எங்கள் நிலையம் என்று நாலு இடம், காலை, மத்தியானம், இரவு. மோட்டார் சைக்கிளில் போய் வேகத்தைப் பார்த்து எழுதி வைத்தேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு வேகம் விழுந்துவிடும். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்த நேரத்தில் எல்லோரும் பங்குபோடுகிறார்கள். மாரியில் இன்னும் மோசம், நனைந்த காட்டு மரங்களின் இலை அலையை விழுங்கிவிடும். இதெல்லாம் பொறியியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் ஊரில் எவ்வளவு விழுகிறது என்று எழுதிய எழுத்து அந்தக் கொப்பியைத் தவிர வேறெங்கும் என் கண்ணில் படவில்லை.

அப்புறம்தான் எம்-லாப் பற்றி அறிந்தேன். 2009இல் தொடங்கிய திறந்த அளவீட்டுத் திட்டம். மக்கள் செய்யும் வேகச் சோதனைகளை யாரும் எடுத்து ஆராயும்படி பொதுவில் வைக்கிறார்கள். நல்ல வேலை, மனதார மதிக்கிறேன். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. சிக்னலே இல்லாத இடத்தில் சோதனை ஓடாது. ஒவ்வொரு சோதனையும் டேட்டா தின்னும், கூலிக்குப் போய்வந்து ரீலோட் போடுகிற அம்மா பிள்ளையின் பாடத்துக்குத்தான் அதை வைத்திருப்பாள், சோதனைக்குச் செலவழிக்க மாட்டாள். அதனால் மிக மோசமான இணைப்பு உள்ளவர்கள்தான் கணக்கில் வராமலே போகிறார்கள். யாராவது நேரில் வந்து, நின்று அளக்க வேண்டும். அது லாபம் பார்க்கிறவர்கள் செய்யக்கூடிய வேலை இல்லை, பொதுப் பணத்தில், எந்த நிறுவனத்துக்கும் கடமைப்படாத ஆராய்ச்சியாளர்கள் செய்ய வேண்டிய வேலை.

இதை ஒரு ஆசைக்குச் சொல்லவில்லை. இணையமே அப்படிப் பிறந்ததுதானே. 1969இல் இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்ப்பாநெட்டை அமெரிக்க அரசின் பணம் கட்டியது. வலைத்தளத் தொழில்நுட்பத்தை 1993இல் ஐரோப்பாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வுகூடம் எல்லோருக்கும் இலவசமாக விட்டது. இலங்கையிலும் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலையமைப்புதான் முன்னோடி. பொதுவில் பிறந்த ஒன்றைப் பற்றிய தகவல் மட்டும் இப்போது நிறுவனங்களின் பூட்டுக்குள். அவர்கள் திறந்துவிட்டால் பார்க்கலாம், மூடினால் இல்லை. 2023இல் டுவிட்டர் தன் தரவுக்கான இலவச வழியை அடைத்தது. பொய்ச் செய்தி எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்க்கப் பயன்பட்ட கிரவுட்டாங்கிள் என்ற கருவியை 2024 ஓகஸ்ட்டில் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுத்தியது. தமிழில் ஓடுகிற வதந்தியை யார் பார்ப்பது என்று அன்று எனக்குப் பெரிய கவலையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வன்னிக்குள்ளேயே படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு அளவீட்டுக் கருவியும் பெற்றோல் காசும் இரண்டு வருடத்துக்குக் கொடுத்தால், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை ஒவ்வொரு கிராமத்துக்கும் உண்மையான மெப் ஒன்று வரும். அதை வைத்துக்கொண்டு மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் பேசலாம், நிறுவனத்திடமும் பேசலாம்.

கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று குடைக்குக் கீழே இருந்து படித்த பிள்ளை ஒருத்தி இப்போது ஏ.எல் முடித்துவிட்டாள். போன கிழமை வந்து, "சேர், இந்த மாரிக்குப் பள்ளிக்கூட வாசலை நான் அளக்கிறன்" என்றாள். குளக்கட்டு என் பங்கு.