வராத பணத்திற்குச் சாட்சி

சென்ற வாரம் மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் எங்கள் வழக்கறிஞரின் மேசைமீது என் மனைவி தன் பழைய சேமிப்புப் புத்தகத்தை விரித்து வைத்தாள். 2017ஆம் ஆண்டு ஜூன், ஜூலை, செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களில் 350 ரிங்கிட் வரவாகியிருந்தது. அதன் பிறகு வங்கி தன் கணக்கில் சேர்த்த சில காசு வட்டியைத் தவிர வேறு வரவே இல்லை. அவளுடைய முந்தைய திருமணத்தின் மணமுறிவுத் தீர்ப்பின்படி, மகளின் பராமரிப்புக்காக முன்னாள் கணவர் தரும் பணம் மாதந்தோறும் விழ வேண்டிய கணக்கு அது. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், ஒன்றுமே பதிவாகாத பக்கங்களையும் சேர்த்து, நகலெடுக்கச் சொன்னார் வழக்கறிஞர்.

மகளுக்கு இப்போது 11 வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். நான் அவளுடைய அம்மாவை மணந்தபோது அவளுக்கு 4 வயது. என்னை அப்பா என்றுதான் அழைக்கிறாள். ஆனால் பிறப்புச் சான்றிதழிலும், மைகிட் என்னும் சிறார் அடையாள அட்டையிலும், பள்ளிப் பதிவேட்டிலும் அவள் பெயருக்குப் பின்னால் 'ஆனாக் பெரெம்புவான்', அதாவது மலாய் மொழியில் 'மகள்', என்று போட்டு வேறொருவரின் பெயர் நிற்கிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத நம்மவர்களுக்கு இந்த நாட்டில் தந்தை பெயரே பாதிப் பெயர். வேறு இனத்தவர் வீட்டில் இது இத்தனை உறுத்துமா என்று எனக்குத் தெரியவில்லை.

முஸ்லிம் அல்லாதோருக்கான 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் நானும் மனைவியும் கூட்டாக மனுச் செய்திருக்கிறோம். பத்து மாதம் சுமந்து பெற்றவளே தன் பிள்ளையைத் தத்தெடுக்க மனுப் போடுவது கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் வீட்டிலும் முதல் நாள் சிரித்தார்கள். ஆனால் தத்து ஆணை பிறந்ததும் பிள்ளையின் மீதான உரிமைகளும் கடமைகளும் மனுதாரர்களுக்கே வந்து சேர்வதால், தாயும் உடன் நிற்பதுதான் முறை என்று வழக்கறிஞர் விளக்கினார். மூன்று மாதங்களுக்குக் குறையாமல் பிள்ளை எங்கள் பராமரிப்பில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஏழு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கும் எங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். பிள்ளையைக் கைவிட்டவர், கவனிக்காமல் புறக்கணித்தவர், கட்டளையிடப்பட்ட பராமரிப்புப் பணத்தைத் தொடர்ந்து செலுத்த மறுத்தவர், தேடியும் கிடைக்காதவர் ஆகியோரின் சம்மதம் தேவையில்லை என்று நீதிமன்றம் தீர்மானிக்கலாம். மகளைப் பெற்ற தந்தை கிடைக்கவே மாட்டார், நாளிதழில் அறிவிப்புப் போட அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படி நடந்திருந்தால் வழக்கு எளிதாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஜொகூர் பாருவில் முகவரி கிடைத்தது, தாள்கள் போய்ச் சேர்ந்தன, சம்மதமில்லை என்று பதிலும் வந்தது.

அவருடைய சத்தியப் பிரமாணத்தை நான் மூன்று முறை படித்தேன். தன் இரத்தத்திற்கு இன்னொருவன் பெயர் போட விடமாட்டேன் என்ற வரியில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேனோ என்னவோ. என்னைத் தடுமாற வைத்தது அதற்கடுத்த பத்தி. வங்கியில் போடாவிட்டாலும், தன் தாயார் மூலம் ஆண்டுதோறும் ரொக்கமாகப் பணம் கொடுத்தனுப்பியதாகச் சொல்லியிருந்தார்.

வந்த பணத்திற்கு ரசீது காட்டலாம். வராத பணத்திற்கு எதைக் காட்டுவது? கிளினிக்கில் கொடுத்த தடுப்பூசிப் புத்தகம், பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளில் என் கையெழுத்து, பல் மருத்துவரின் கட்டணச் சீட்டு என ஒரு கோப்பு நிறையச் சேர்த்தோம். அவை நான் இருந்ததைக் காட்டுகின்றன. அவர் இல்லாததைக் காட்டவில்லை. நான் நல்ல தகப்பனா என்பது அல்ல, அவர் கைவிட்டாரா என்பதே 5ஆம் பிரிவு கேட்கும் கேள்வி என்பது எனக்குப் புரிய இத்தனை நாளாயிற்று.

அவருடைய தாயார் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார். தீபாவளிக்கு முந்திய வாரம் பேருந்தில் ஏறி, முறுக்கு டின் ஒன்றுடனும் பேத்திக்கு ஒரு பாவாடைத் துணியுடனும் வருவார். ஓர் ஆண்டும் தவறியதில்லை. மகன் கடைசியாகப் பிள்ளையைப் பார்த்தது 2018 தைப்பூசத்தில், தண்ணீர்மலை அடிவாரத் தண்ணீர்ப்பந்தல் ஒன்றில் என்று எங்களுக்கு நினைவூட்டியவரும் அவர்தான். தத்து ஆணை வந்தால் சட்டத்தின் கண்ணில் அவர் இந்தப் பிள்ளைக்குப் பாட்டி இல்லை. சமூகநல அதிகாரி வீட்டுக்கு வந்து மகளைத் தனியே அழைத்துப் பேசியபோது, அவள் கேட்ட ஒரே கேள்வி பாட்டி இனிமேலும் வரலாமா என்பதுதானாம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் நானும் சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். தாய்க்கு எதிராக மகனையோ, மகனுக்கு எதிராகத் தாயையோ நிறுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அத்தை, அவர் உங்களிடம் பணம் ஏதும் கொடுத்தாரா?" என்று மனைவி கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து போய்த் தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்த பிறகே பேசினார்.

"என் பிள்ளைக்கு எதிராக நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன், தம்பி," என்றார், கேட்டது அவள் என்றாலும் என்னைப் பார்த்து. "ஆனால் அந்தத் துணியெல்லாம் என் பென்ஷன் பணத்தில் எடுத்தது. நீதிபதி என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் அதை மட்டும் சொல்வேன்."

அவரை அழைப்பாணை அனுப்பி வரவழைக்கலாமா என்று வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல எங்களுக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.