இரண்டு பீப்பாய் தண்ணீர்

அமெரிக்காவின் டென்னசியில், சட்டனூகாவிலிருந்து நாஷ்வில் போகும்போதெல்லாம், மான்டீகிள் மலை ஏறியதும் சுவானிக்கு வண்டியைத் திருப்பிவிடுவேன். ஏன் என்று வீட்டில் இப்போது கேட்பதில்லை. எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவ சபையின் சின்னப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 1899-இல் அங்கே படித்தவர்கள் சில நூறு பேர்தான். அந்த வருஷம் அவர்களுடைய ஃபுட்பால் அணி 12 ஆட்டம் ஆடி, 12-லும் ஜெயித்தது. எடுத்த புள்ளி 322, கொடுத்தது 10.

அமெரிக்க ஃபுட்பாலைச் சொல்கிறேன், ஆனால் இன்று டிவியில் பார்க்கும் ஆட்டம் இல்லை. பந்தை முன்னால் எறிய அனுமதி 1906-இல்தான் வந்தது. அப்போது மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேற வேண்டும். டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், 5 புள்ளி. கும்பலாகச் சேர்ந்து மோதித் தள்ளிக்கொண்டு போவதுதான் ஆட்டம். அடிபட்டு வெளியே போனவன் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் அடிபட்டவர்களும் வெளியே போகவில்லை.

அந்த அணியின் மேனேஜர் லூக் லீ என்ற மாணவர். பக்கத்து நாஷ்வில்லில் இருக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம்தான் பெரிய எதிரி. அவர்களோடு ஆடினால் கேட் வசூல் கொட்டும். ஆனால் அந்த வசூலைப் பங்கு பிரிப்பதிலேயே தகராறு வந்து, 1899-இல் ஆட்டம் இல்லை என்றாகிவிட்டது. பணத்துக்கு எங்கே போவது? லீ ஒரு கணக்குப் போட்டார். ஒரே ரயில் பயணத்தில் ஐந்து ஊர், ஐந்து ஆட்டம், ஏறத்தாழ 2,500 மைல்.

நவம்பர் 9, வியாழன், ஆஸ்டின்: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12–0. கேப்டன் சீபெல்ஸுக்கு மண்டை கிழிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 10–0. அதற்கும் மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23–0. ஞாயிறு ஓய்வு, சபைப் பிள்ளைகள் ஆயிற்றே. திங்கள் பேட்டன் ரூஜில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை (எல்.எஸ்.யு.) 34–0. செவ்வாய் மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12–0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், ஒருவருக்கும் ஒரு புள்ளிகூட விடவில்லை. கூட்டிப்போன ஆட்டக்காரர்கள் 21 பேர்.

என்னை அசைப்பது இந்த எண்கள் மட்டுமில்லை. ஊர் ஊராகத் தண்ணீர் மாறினால் பையன்களுக்கு வயிறு கெட்டுவிடும் என்று, சுவானி ஊற்றுத் தண்ணீரை இரண்டு பீப்பாயில் நிரப்பி ரயிலில் ஏற்றினாரே லீ, அதுதான். ரயில் கிளம்பிய பிறகுதான் ஷூக்கள் இருந்த மூட்டை ஏறவில்லை என்று தெரிந்திருக்கிறது. தந்தி கொடுத்து, ஆட்டத்துக்குள் வரவழைத்துவிட்டார்.

90களில் கோவில்பட்டியில் எங்கள் கல்லூரி ஹாக்கி அணிக்கு நான்தான் மேனேஜர். மட்டைகள், ஷின் கார்டு, பஞ்சு, அயோடின், டிக்கெட், பதினாறு பேர் சாப்பாடு எல்லாம் என் தலையில். பிளாட்பாரத்தில் கோச் கேட்கும் ஒரே கேள்வி, "எல்லாம் எண்ணிட்டியாடே?" திருநெல்வேலிக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கே மூன்று தடவை எண்ணுவேன். ஷூ மூட்டை விட்டுப்போனது தெரிந்த நொடியில் லீயின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நொடிக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். (அவர் பிற்பாடு செனட்டர் ஆனார். 1919 ஜனவரியில் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்த முன்னாள் ஜெர்மன் பேரரசர் கெய்சரைத் தூக்கிவரவும் ஒரு கூட்டத்தோடு போனார். கெய்சர் தங்கியிருந்த மாளிகைக்குள் நுழைந்துவிட்டார், ஆள்தான் கிடைக்கவில்லை.)

அந்த ரயிலில் அணியோடு இன்னொருவரும் பயணம் செய்தார்: கேல் பர்ரோஸ், கறுப்பினத்தவர். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து வந்தவர்களின் கைகால்களைப் பிடித்துவிட்டு, மறுநாள் அவர்களை நிற்க வைத்தவர். நிறப் பிரிவினைச் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த தெற்கு அது. சீபெல்ஸின் மண்டைக்காயம் பற்றி எழுதுகிறவர்கள் பர்ரோஸின் கைகளைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும்.

அந்த சீசனில் கொடுத்த பத்துப் புள்ளியும் ஆபர்ன் அணியிடம் போனது. அவர்களுடைய கோச் ஜான் ஹைஸ்மன். இன்றைக்குக் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய விருது அவர் பெயரில்தான். நன்றியறிதல் நாளன்று மான்ட்காமரியில் நடந்த ஆட்டத்தில் 11–10, ஒரே புள்ளியில் தப்பித்தார்கள். இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் வட கரோலினாவை ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் புள்ளி) வைத்து 5–0. அதோடு சீசன் முடிந்தது.

பின்னாளில் பெரிய பல்கலைக்கழகங்களோடு சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற லீக்கில் சேர்ந்து, அதில் 37 ஆட்டம் ஆடினார்கள். ஒன்றிலும் ஜெயிக்காமல் 1940-இல் விலகினார்கள். இன்று விளையாட்டுக்கு உதவித்தொகை இல்லாத, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் சந்தோஷமாக ஆடுகிறார்கள்.

அந்த மலை ரயில் இப்போது இல்லை. தண்டவாளம் போன வழியை நடைபாதையாக்கி இருக்கிறார்கள். போன அக்டோபரில் மகளோடு அதில் நடந்தேன். "ஷூ மூட்டையை எந்த இடத்துலப்பா விட்டாங்க?" என்று கேட்டாள். ஸ்டேஷன் இருந்திருக்கும் என்று நான் நினைத்த பக்கம் கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.