தென்சிறகு, தலைவீடு: தஞ்சையில் ஓர் இசை நாள்

காலை ஆறரைக்கெல்லாம் பெரிய கோயிலுக்குள் நுழைந்துவிட்டேன். தரை சுடுவதற்குள் சுற்றி வந்துவிட வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் அன்று நான் பார்க்க வந்தது விமானத்தை அல்ல, ஒரு பெயரை. கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் உடன் வந்திருந்தார். திருச்சுற்று மதிலின் வெளிப்புறத்தில் ஓரிடத்தில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார்: "தெற்குத் தளிச்சேரி தென்சிறகு தலைவீடு, நக்கன் சேரமங்கை."

தெற்குத் தெருவின் தென்வரிசையில் முதல் வீடு. அப்படியே ஒரு வீட்டு முகவரி! சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து ராஜராஜன் அழைத்துவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளில், அதாவது கோயிலில் ஆடிய பெண்களில், முதலில் வருபவள் இவள்தான். அடுத்து இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசை போகிறது. ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்ற விவரம், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்தவர்களும், பாடியவர்களும், கொட்டியவர்களும் பின்னால் வருகிறார்கள். தேவாரப் பாடல்களான திருப்பதியம் பாட 48 பேர், கூட ஓர் உடுக்கை, ஒரு கொட்டி மத்தளம் என்று இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. கோயிலைக் கட்டிய அரசன், அதில் ஆடியவளின் வீட்டு வரிசையையும் கல்லில் ஏற்றியிருக்கிறான். எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. விமானத்தின் மேல்தளத்தில் நடன நிலைகளைக் காட்டும் 81 கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே பொதுவாக யாரையும் விடுவதில்லை என்பதில் வருத்தம்தான்.

அப்புறம் மேலவீதி. பங்காரு காமாட்சி கோயில் வாசலைக் கவனிக்காமல் தாண்டிவிடலாம், அவ்வளவு அடக்கமான கோயில். பொன்னால் ஆன அம்மனுக்குப் புனுகு சாத்திச் சாத்தித் திருமேனி கருத்திருக்கிறது. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி பூஜை செய்த சந்நிதி இது. காமாட்சியை அழைத்து அவர் பைரவி ராகத்தில் இயற்றிய ஸ்வரஜதியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தக் காமாட்சி இந்தக் காமாட்சிதான் என்று விளக்கொளியில் முகத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடும் இதே வீதியில்தான். பரதநாட்டியக் கச்சேரிக்கு அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையை வகுத்துக் கொடுத்தவர்கள் அந்த நான்கு சகோதரர்கள். அவர்களில் வடிவேலு வயலினையும் நம் சங்கீதத்துக்குப் பழக்கிக்கொண்டு போனவர். திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்த வயலின் தந்தத்தால் ஆனது.

அரண்மனையில் சங்கீத மகாலை எட்டிப் பார்த்தேன். கூட்டம் அதிகம். குரல் எப்படி எழும்புகிறது என்று சோதித்துப் பார்க்க வழியில்லை.

மதியம் ஒரு வீணைப் பட்டறை. பலாமரத் தூள் முழங்கால் வரை. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, குடம், தண்டி எனத் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை என்று பெரியவர் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தார். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் இரு ஓரமும் மேடு கட்டி, அதன்மேல், தந்தியை அழுத்தி வாசிக்கும் இடங்களான 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிக்கிறார். ஒரு மெட்டை அழுத்துவார், தந்தியை மீட்டுவார், காதைச் சாய்ப்பார். நகக்கண் அளவு நகர்த்துவார். மறுபடி மீட்டுவார். எனக்கு இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் கேட்டது. "இப்ப சரியா இருக்காங்க ஐயா?" என்றேன். "இன்னும் கொஞ்சம் கோவிச்சுக்கிட்டு நிக்குதும்மா" என்றார். அந்த ஒரு மெட்டு இசைய இருபது நிமிஷம் ஆனது. இசைந்தபோது, எனக்கே தெரிந்தது. ஒலி அறையை விட்டுப் போகாமல் நின்றது.

மாலையில் திருவையாறு பஸ். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலங்களை எண்ணிக்கொண்டே போனால் கடைசியில் காவிரி. கரையில் தியாகராஜரின் சமாதி. 1847-இல் அவர் மறைந்த பிறகு கவனிப்பாரின்றிக் கிடந்த இந்த இடத்துக்குத் தன் சம்பாத்தியத்தைக் கொண்டு 1920-களில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனை விழாவில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த காலம் அது. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். இன்று ஜனவரிதோறும் நூற்றுக்கணக்கானவர்கள் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும்போது ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். 1952-இல் மறைந்த நாகரத்தினம்மாளின் நினைவிடமும் இங்கேதான், தியாகராஜரைப் பார்த்தபடி.

வருகிறவர்கள் சமாதியைக் கும்பிட்டுவிட்டு நேராகப் படித்துறைக்குப் போய்விடுகிறார்கள். நான் கொண்டுபோன மல்லிகையைக் கிள்ளி, பாதியை நாகரத்தினம்மாளுக்கு வைத்தேன். மீதியைக் காவிரியில் விட்டேன், தென்சிறகு தலைவீட்டுக்காரிக்கு.