ஒரு வரிசை இருக்கை

திருகோணமலை பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக 22 வருடங்களாக இருக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்குக் கந்தோரைத் திறக்கப் போனால் வாசலில் மான்கள் படுத்திருக்கும். அவற்றை எழுப்பிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது, சாரதி யார், நடத்துநர் யார் என்று கொப்பியில் எழுதுவது என் வேலை. 2021 ஐப்பசியில் ஒருநாள் காலை, கந்தளாய் பஸ்ஸின் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தக் கொப்பியின் மேலேயே மயங்கி விழுந்தேன்.

அதற்கு முன்பே நாலைந்து மாதமாகக் களைப்பு. படி ஏறினால் மூச்சு வாங்கும். வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுப்பாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். டொக்டரிடம் “வயிறு சரியில்லை” என்று மட்டும் சொன்னேன். அவரும் கேட்கவில்லை. அல்சருக்கு மருந்து தந்தார், நானும் குடித்தேன். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. கறுப்பாகப் போகிறது என்ற ஒரு சொல்லை நான் அன்று சொல்லியிருந்தால் நாலு மாதம் மிஞ்சியிருக்கும்.

இரைப்பையில் 9 சென்ரிமீற்றரில் ஒரு கட்டி, மாதுளம்பழம் அளவு. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் ‘ஜிஸ்ட்’ என்று வந்தது. வாட்டில் இருந்த தாதிக்கே அந்தப் பெயர் புதிது. பிறகு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். இரைப்பையும் குடலும் எப்போது சுருங்கவேண்டும் என்று தாளம் போட்டுக் கொடுக்கும் கலங்கள் அவற்றின் சுவருக்குள் இருக்கின்றனவாம். கஹால் என்ற ஸ்பானிய விஞ்ஞானியின் பெயரில் அவற்றைச் சொல்கிறார்கள். இரைப்பை நிமிடத்துக்கு மூன்று தரம் அலைபோல அசைவது அவற்றின் சைகையால்தான். அந்தக் கலங்களில், அல்லது அவற்றுக்கு முந்திய கலங்களில், தொடங்குகிற புற்றுநோய் இது.

அன்று இரவு பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹபரணை தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்குள்ளும் நேரம் பார்க்கிற ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 50 வருடம் ஒரு நாள் லீவு எடுக்காமல் வேலை செய்திருக்கிறார்கள். நான் அறியவே இல்லை.

10 லட்சம் பேரில் வருடத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு இந்த நோய் வருகிறது என்றும் அந்த டொக்டர் சொன்னார். கணக்குப் போடாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் மாவட்டத்தில் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆட்கள். அப்படியென்றால் வருடத்துக்கு நாலைந்து பேர். பஸ்ஸில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று ஐந்து இருக்கை ஒரு வரிசை. அந்த ஒரு வரிசை ஆட்கள் மூதூரிலோ புல்மோட்டையிலோ தம்பலகாமத்திலோ எங்கேயோ இருக்கிறார்கள். அவர்கள் ஏறி இறங்குவது என் கண்ணுக்கு முன்னால்தான். யாரென்றுதான் தெரியாது.

2022 தைமாதம் குளிசை தொடங்கினேன். இமாற்றினிப், 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று வருடத்துக்கு. இந்தக் குளிசையின் கதையை அந்த டொக்டர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்பெல்லாம் ஜிஸ்டுக்குக் கத்திதான் வழி, வழக்கமான கீமோ அனேகமாக வேலை செய்யாது. 1998இல் ஒசாகாவில் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கட்டிகளில் ‘கிட்’ என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த மருந்து அந்தப் பிழையையும் அடக்கும் என்று தெரியவந்து, 2000இல் பின்லாந்தில் ஒரு பெண்மணிக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. அந்த அம்மா சம்மதித்துக் குளிசையை வாயில் போட்டாரே, அதை நான் அடிக்கடி நினைப்பேன். அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

வேலைக்குத் திரும்பியபோது பலரும் பார்க்க வந்தார்கள். “தலைமயிர் கொட்டேல்லையே, அப்ப அந்த வருத்தமா இராது” என்றார் ஒருவர். எனக்கு மயிர் கொட்டவில்லை. இந்தக் குளிசையால் காலையில் கண்மடல்தான் வீங்கும், அழுது எழும்பின மாதிரி. எழுதிக்கொண்டிருக்கும்போது விரல்கள் பேனையோடு இறுகிப்போகும். இதைச் சொன்னால் “எங்கட மாமிக்கும் கான்சர்தான்” என்று தொடங்குவார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனால் மாமிக்கு மார்பில் வந்தது, அவருடைய மருந்து வேறு, நாட்கள் வேறு. பத்து ஆறுதல் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் முன்னிருந்ததைவிடத் தனியாக இருக்கும். மனைவிக்குக்கூட இதை என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை.

வேலைத்தளத்தில் எனக்குக் கிடைத்த துணை வேறு மாதிரி. என் விரல் இறுகுவதை முதலில் கவனித்தவர் கிண்ணியா பஸ் நடத்துநர். ஒன்றும் கேட்காமல் பேனையை வாங்கி, நான் நேரத்தைச் சொல்லச் சொல்ல எழுதினார். அதன்பிறகு விரல் இறுகும்போது யார் கந்தோரில் நின்றாலும் அவர் எழுதுவார் என்று ஆகிவிட்டது. அந்த வருடத்துக் கொப்பியைப் புரட்டினால் ஏழெட்டுப் பேருடைய கையெழுத்து இருக்கும். குளிசையைச் சாப்பாட்டோடு போட்டு நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அக்கா ஒன்றரை மணிக்கு ஒரு பெரிய செம்பில் தண்ணீர் அனுப்பத் தொடங்கினார். மூன்று வருடத்தில் அது பிந்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

2022 நடுப்பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். டீசல் இல்லை, பாதி பஸ்கள் ஓடவில்லை, மருந்துகளுக்கும் தட்டுப்பாடு. கொழும்பில் இருக்கிற தம்பியின் மகன் என் கிளினிக் கொப்பியோடு போய் நின்று, கிடைத்தால் வாங்கி, புறக்கோட்டையில் எங்கள் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவான். கந்தளாயைச் சேர்ந்த சிங்களச் சாரதி ஒருவர் அதை ஒருநாளும் முன்னால் இஞ்சின் பெட்டிக்குக் கிட்ட வைக்க விடமாட்டார். 30 பாகைக்கு மேல் சூடு கூடாது என்று பெட்டியில் போட்டிருப்பதை யாரிடமோ கேட்டு அறிந்திருக்கிறார். 260 கிலோமீற்றரும் தன் சாப்பாட்டுப் பைக்குள், தண்ணீர்ப் போத்தலோடு சேர்த்துக் கொண்டுவந்து கையில் தருவார். ஒரு முறை கொழும்பில் குளிசை முடிந்து, மனைவியின் காப்பை அடகு வைத்துப் பாமசியில் இரண்டு கிழமைக்கு வாங்கினோம். இது தெரிந்ததும் அந்தச் சாரதி என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. தன்னிடம் சொல்லவில்லை என்று கோபம்.

அந்த ஆவணியில்தான் கிண்ணியா நடத்துநர் வந்து சொன்னார். “சேர், எங்கட ஊர்ல ஒரு சைக்கிள் கடை நானா இருக்கார். உங்கட மாதிரியே காலையில கண் வீங்கும். பெட்டியும் இதே பெட்டிதான்.”

அடுத்த ஞாயிறே போனேன். 2009இல் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் கடந்த அந்த இடத்தை, பஸ் இரண்டு நிமிடத்தில் தாண்டியது. நானா, அதாவது அந்த முஸ்லிம் அண்ணர், கடை வாசலில் ஒரு சில்லைக் கவிழ்த்துப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் பார்த்தது கண்மடலைத்தான். “வாங்க தம்பி, இரிங்க” என்றார். நான் இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தொடர்ந்து பஞ்சர் ஒட்டினார், என்னைப் பார்க்கவில்லை. அப்படி விட்டதற்கு இன்றும் அவருக்கு நன்றியாக இருக்கிறேன்.

பிறகு இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். முதலில் பாதிச் சோறு, நடுவில் குளிசை, பிறகு மீதிச் சோறு என்று சாப்பிட்டால் குமட்டல் குறைவு என்றார். அன்றிலிருந்து நானும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் டொக்டரிடம் கேட்டு, நோன்பு திறந்து சாப்பிடும்போது போடுகிறாராம். இரவில் கெண்டைக்கால் இழுத்தால் எழும்பி நின்று பாதத்தை நிலத்தில் ஊன்றவேண்டும் என்று செய்து காட்டினார். ஸ்கானுக்கு முந்திய கிழமை வீட்டில் எல்லோரோடும் சண்டை பிடிப்பதாகச் சொன்னார். நானும்தான். அது என் குணம் கெட்டதால் என்று ஒரு வருடமாக நம்பியிருந்தேன்.

எங்களுக்குள் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவருக்குக் கண்டுபிடிக்கும்போதே ஈரலில் பரவியிருந்தது. குளிசை கேட்கிற காலமெல்லாம் அவர் அதைப் போடவேண்டும். எனக்கு 2025 தையில் மூன்று வருடம் முடிந்தது. கடைசிக் குளிசையை விழுங்கியபோது சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட, கைப்பிடியை விட்டுவிட்டு ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற பயம். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. விட முடியாத ஒருவரிடம் விட்ட கவலையை எப்படிச் சொல்வது? அவரே போன் எடுத்தார். “பயமா இரிக்கும். இரிக்கட்டும். ஸ்கானை மட்டும் பிந்த விடாதீங்க” என்றார்.

கிண்ணியாவிலிருந்தே கொழும்புக்கு பஸ் இருக்கிறது. ஆனாலும் அவர் கிளினிக் போகும்போது இங்கே வந்துதான் ஏறுவார். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவருக்கு மனப்பாடம். என்றாலும் முதல்நாள் பின்னேரம் போன் வரும்.

“தம்பி, நாளைக்கு ராப் பஸ் எத்தன மணிக்கு?”

“பத்து மணிக்கு நானா. முன் சீட் வைக்கச் சொல்லியிருக்கிறன்.”

“சரி. நீங்க நிப்பீங்கதானே?”

“நிப்பன்.”